தோலுக்கு ஒரு நியாயம், முட்டைக்கு ஒரு நியாயம்

வாய்யா பேராண்டி! மதுரைக்குப் போயி கொலாஜன் பவுடர் டப்பா வாங்கியாந்தியாமே? மூஞ்சி பளபளக்கும்னு கடைக்காரன் சொன்னானாக்கும். அவன் கல்லா பளபளக்கும், அது நிச்சயம்.

புரதம்னா எல்லாம் ஒண்ணுன்னு நெனச்சுப்புட்ட. நம்ம வாடிப்பட்டி மேளத்துல அந்தத் தோலு ராத்திரி பூரா அடி வாங்கியும் கிழியுதா? அது நார்ப்புரதம், கொலாஜன். மூணு இழை முறுக்கிக் கெடக்கும். ஒவ்வொரு இழையும் அமினோ அமிலத்தைக் கோத்த மாலை, அதுல மூணுக்கு ஒண்ணு கிளைசின். அமினோ அமிலத்துலயே சின்னப் பய. முறுக்குக்கு நடுவுல நெருக்கிக்கிட்டு உக்கார அவனாலதான் முடியும். தண்ணியில கரையாது, இழுத்தாத் தாங்கும். தசைநாருக்கும் எலும்புக்கும் அதான் பலம். உன் தலைமயிரு கெரட்டின், அதுவும் நார்தான். இருக்கிற வரைக்கும் சீவிக்க.

அந்த மூணு இழைக் கணக்கைச் சொன்னது யாருங்கிற? சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். 1954ல 'நேச்சர்' இதழ்ல எழுதினாக. கங்காரு வால் நாரை எக்ஸ்ரேயில பாத்துப் போட்ட கணக்கு. நீ கண்ணாடியில மூஞ்சியப் பாத்து என்னத்தக் கண்ட?

இன்னொண்ணு உருண்டைப் புரதம். தண்ணிக்கு ஆகாததையெல்லாம் உள்ள மறைச்சு, ஆகுறதை மட்டும் வெளிய காட்டிச் சுருண்டுக்கிடும், ஓட்டுக் கேட்டு வர்ற ஆளுக மாதிரி. அதான் கரைஞ்சு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடிச் சோலி பாக்குது. ரத்தத்துல ஹீமோகுளோபின் நாலு இரும்பை வச்சுக்கிட்டு, நுரையீரல்ல ஆக்ஸிஜனை ஏத்தி ஒடம்பெல்லாம் எறக்குது. வயித்துல புரதத்தைச் செரிக்க வைக்கிற பெப்சினும் இந்த வகைதான்.

சூட்டைக் காட்டு, ரெண்டு கொணமும் தெரிஞ்சுரும். முட்டை வெள்ளைக்கருவுல இருக்கிற உருண்டை மடிப்புப் பிரிஞ்சு, ஒண்ணோட ஒண்ணு சிக்கி இறுகிப்போகும். ஆட்டுக்காலை வேக வச்சா, முறுக்கு அவுந்து ஜெலட்டினாக் கரையும். சூப்பு ஆறினா ஏன் தளதளன்னு ஆடுதுன்னு நெனச்ச?

உன் டப்பாவுல முறுக்கை ஏற்கெனவே அவுத்துத் துண்டாக்கித்தான் விக்கிறான். மிச்சத்தை வயித்துல பெப்சினும் அதோட கூட்டாளிகளும் நறுக்கிப்புடும். நறுக்கின துண்டு, நேரா மூஞ்சிக்குப் போன்னு டப்பாவுல எழுதினவன் சொன்னாக் கேக்குமா?

ஒடம்பு தன் கொலாஜனைத் தானே முறுக்கிக்கிடும். முறுக்கு நிக்க வைட்டமின் சி வேணும். அது நெல்லிக்காயிலயும் கொய்யாவுலயும் கெடக்கு. டப்பாவைத் திருப்பிக் குடுத்துட்டு ஒரு கூடை கொய்யா வாங்கியா. பாதி உனக்கு, பாதி எனக்கு. எனக்குப் பல்லு இல்ல, பழுத்ததாப் பாத்து எடு.