நேற்று விழுந்த கோலுக்கு இன்றைக்கு என்ன தூரம்?

எங்கள் நெல்லிக்குப்பத்தில் பழைய கால்பந்து ஆட்டங்கள் முடிவதே இல்லை. 90 நிமிடத்தில் முடிந்துபோன ஆட்டத்தை முப்பது வருடமாக ஆடிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு இருபது கஜத்திலிருந்து விழுந்த கோல், அடுத்த அரவை சீசனில் முப்பது கஜம் ஆகும். பேரன் பிறந்தபின் நடுக்கோட்டிலிருந்து அடித்ததாகிவிடும். ஆலைக்குக் கரும்பு ஏற்றி வந்த டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு வரிசையாக நிற்கும்போது மனிதன் வேறு என்னதான் செய்வான்? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கோலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளி வைக்கலாம்.

குறையாகச் சொல்லவில்லை, இது மண்வாகு. கடலூர் வட்டாரத்தின் இங்கிலீஷ் வரலாறே தூரத்தை இழுத்துவிடுவதில்தான் ஆரம்பிக்கிறது. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியர்களிடமிருந்து கும்பினிக்காரன் விலைக்கு வாங்கினான். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்ற பேச்சு வந்தபோது, பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரைக்கும் என்று ஒப்பந்தம். நம்ம ஆளாக இருந்தால் கையில் கிடைத்த பீரங்கியால் சுட்டிருப்பான். அவன் மெட்ராஸிலிருந்து நெடுந்தூரம் சுடக்கூடியதாகப் பார்த்து ஒன்றை வரவழைத்தான். நாலா பக்கமும் சுட்டான். குண்டு தொட்ட கிராமமெல்லாம் அவனுடையது. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று இன்றைக்கும் பஸ்ஸில் டிக்கெட் வாங்குகிறோமே, அந்தக் குண்டுதான் இது. தென்னாற்காட்டில் அடிக்கப்பட்ட முதல் லாங் பாஸ். ஆஃப்சைடு என்று கொடி தூக்க ஆளில்லை.

அதற்கப்புறம் அந்த மைதானத்தில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நீண்ட தொடர் ஒன்று நடந்தது. பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சு கவர்னர் டூப்ளே பலமுறை படை அனுப்பிக் கோட்டையை முட்டிப் பார்த்துத் தோற்றார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து பிடித்து, பிடித்த கையோடு கோட்டையை இடித்தும் போட்டார். ஜெயித்தவன் கோல் கம்பத்தையும் பிடுங்கிப்போட்ட முதல் ஆட்டம் அதுவாகத்தான் இருக்கும். 1783இல் கடலூரைப் பிரெஞ்சுக்காரன் வைத்திருக்க, இங்கிலீஷ்காரன் முற்றுகை போட்டான். நிலத்தில் ஒரு சண்டை, கடலில் ஒரு சண்டை. உச்சத்தில் நிற்கும்போது, ஐரோப்பாவில் சமாதானம் ஆகிப் பல மாதமாகிவிட்டது என்று சேதி வந்து சேர்ந்தது. ஆட்டம் கைவிடப்பட்டது. இரண்டு அணியும் கைகுலுக்கின. செத்தவர்களுக்கு எக்ஸ்ட்ரா டைம் கிடையாது.

நெல்லிக்குப்பத்தின் சொந்தப் பெருமை 1842இல் தொடங்கிய சர்க்கரை ஆலை. இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலை என்பார்கள். பாரி கம்பெனியின் ஆலை. அந்தக் கம்பெனியை 1788இல் மெட்ராஸில் தொடங்கிய தாமஸ் பாரி, வேல்ஸ் நாட்டுக்காரர். இதை இங்கே எதற்குச் சொல்கிறேன் என்றால், பழம்பெருமை பேசுவதில் வேல்ஸ் ரசிகனுக்கு உலகத்திலேயே இணை கிடையாது. 1958 உலகக் கோப்பையில் கால் இறுதி வரை வந்தார்கள். அங்கே பிரேசிலிடம் 1-0 என்று தோற்றார்கள். கோல் அடித்தது பெலே என்ற பதினேழு வயதுப் பையன், அவனுடைய முதல் உலகக் கோப்பை கோல். அடுத்த உலகக் கோப்பைக்குள் கால் வைக்க வேல்ஸுக்கு 2022 வரை ஆனது. நடுவில் 64 வருடம் எதைப் பேசினார்கள்? தோற்றதைத்தான். “பெலேவுக்குக் கணக்கைத் தொடங்கி வைத்ததே நாங்கள்தான்” என்று தலை நிமிர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாரியோடு கப்பலேறி வந்தது சர்க்கரைத் தொழில் மட்டுமல்ல என்று எனக்குச் சந்தேகம்.

இப்போது டீக்கடைக்கு வருவோம். ஆலையில் வேலை பார்த்து ரிட்டையரான மாமா ஒருவர் அங்கே நிரந்தரக் கோச். இந்தியக் கால்பந்தின் மொத்தச் சரித்திரமும் அவர் வாயில்தான் வெந்து இறங்கும். அவருடைய பாட்டு எப்போதும் 1950இல் ஆரம்பிக்கும்.

“டேய் தம்பி, அந்த வருஷம் வேர்ல்டு கப்புக்கு நம்மள கூப்பிட்டான் பிரேசில்காரன். வெறுங்காலோட ஆடுவோம்னோம். கூடாதுன்னுட்டான். ஏன் கூடாதுன்னான் தெரியுமா? பயம்டா!”

நடந்தது கொஞ்சம் வேறு மாதிரி. நம் பிரிவில் இருந்த பர்மா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா எல்லாம் விலகிக்கொள்ள, ஒரு ஆட்டமும் ஆடாமலே தகுதி பெற்ற பெருமை நமக்கு. கப்பல் செலவில் பெரும்பங்கைத் தருகிறோம் என்றுகூட பிரேசில் சொல்லிப் பார்த்தது. நம் சங்கத்துக்காரர்களுக்கு உலகக் கோப்பை என்றால் ஏதோ ஊர்த் திருவிழாப் பந்தயம் என்ற நினைப்பு. ஒலிம்பிக்தான் பெரிதாகத் தெரிந்தது. போகவில்லை. போகாத காரணத்தைப் பிற்பாடு காலில் கட்டிவிட்டார்கள்.

போயிருந்தால்? இத்தாலி, சுவீடன், பராகுவே என்று நம் பிரிவு. மாமா கணக்கில் மூன்றிலும் வெற்றி. ஆதாரமாக 1948 லண்டன் ஒலிம்பிக்கை இழுப்பார். பாதிக்கு மேற்பட்டவர்கள் வெறுங்காலோடு இறங்கி பிரான்சை மிரட்டினார்கள், சாரங்கபாணி ராமன் கோல் அடித்து 1-1 ஆக்கினார். இதெல்லாம் சத்தியம். கிடைத்த இரண்டு பெனால்டியையும் நாம் கோட்டை விட்டதும், 89வது நிமிடத்தில் பிரெஞ்சுக்காரன் இன்னொன்று அடித்து 2-1 என்று ஜெயித்துப் போனதும் அதே அளவு சத்தியம். ஆனால் மாமாவின் ரேடியோவில் அந்த இடம் வந்தால் எப்போதும் கரகரப்பு. 1952 ஹெல்சிங்கி வந்தால் ஸ்டேஷனே மாறிவிடும். யூகோஸ்லாவியாவிடம் 10-1. “அந்த ஒண்ணை அடிச்சது அகமது கான், என்னா பிளேயர் தெரியுமா!” என்பார். பத்தைப் பற்றிக் கேட்டால் டீக்காரரிடம் சில்லறை கேட்கத் திரும்பிவிடுவார். அதற்கப்புறம்தான் சங்கம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. பயந்தது யார் என்று எனக்குக் கேட்கத் தோன்றும். பெரியவரிடம் கேட்கிற கேள்வியா அது?

1962க்கு வந்தால் மட்டும் நானும் வாயை மூடிக்கொள்வேன். ஏனென்றால் அந்த வருடம் நடந்ததற்கு மேல் பொய் சேர்க்க ஒரு அங்குலம்கூட இடமில்லை. ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா உள்ளே விடவில்லை. அதை இந்திய அதிகாரி சோந்தி கண்டித்துப் பேச, ஊரே நமக்கு எதிராகத் திரும்பியது. இந்தியத் தூதரகத்தைத் தாக்கினார்கள். நம் ஆட்டக்காரர்கள் பஸ்ஸில் மூவர்ணக் கொடியைக் கழற்றிவிட்டுப் போனார்களாம். தலைப்பாகை தெரிந்தால் கல் விழும் என்று ஜர்னைல் சிங் பஸ் தரையில் உட்கார்ந்து போனார் என்று கதை. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று அடிவாங்கினோம். தாய்லாந்து ஆட்டத்தில் ஜர்னைலுக்கு மண்டை உடைந்து தையல். தடுப்பாட்டக்காரரான அவரை, தையலோடு, முன்வரிசையில் இறக்கினார் கோச் ரஹீம். தையல் போட்ட தலையாலேயே முட்டி கோல் போடுகிறவனை எதிரணி என்ன செய்ய முடியும்?

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம், மறுபடி அதே தென்கொரியா. ஒரு லட்சம் பேர் நமக்கு எதிராகக் கூச்சல். மொத்த ஸ்டேடியத்தில் நமக்காகக் கைதட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? பாகிஸ்தான் ஹாக்கி டீம்! காய்ச்சலில் படுத்திருந்த பீட்டர் தங்கராஜ் எழுந்து வந்து கோலில் நின்றார். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று, 2-1. ரஹீமை அப்போதே புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. அடுத்த வருடம் போய்விட்டார். 2024இல் ‘மைதான்’ என்று இந்திப் படம் எடுத்தார்கள். படக்காரர்களே சேர்க்க அதிகம் எதுவும் இல்லாத கதை.

மாமாவால் சும்மா இருக்க முடியுமா? அவர் கை வைப்பது தங்கராஜ் மேல். மனிதர் ஹைதராபாத்தில் பிறந்து, வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து பேர் வாங்கியவர் என்று ரெகார்டு. மெட்ராஸ் ரெஜிமென்ட் 1955லும் 1958லும் டூராண்ட் கோப்பை வாங்கியிருக்கிறது. மாமாவின் ரெகார்டில் தங்கராஜுக்குப் பண்ருட்டிப் பக்கம் அம்மா வழிச் சொந்தம் உண்டு. போன மார்கழியில் அது அம்மா வழி. இந்த வருடம் தாய்மாமன் வீடே நெல்லிக்குப்பத்துக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு சீசன் போனால் தங்கராஜ் ஆலை கேன்டீனில் டோக்கன் வாங்கிச் சாப்பிட்டதாகச் சொல்லுவார் என்று எதிர்பார்க்கிறேன்.

அடுத்த தலைமுறை இதற்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. சென்னையின் எஃப்சி நீலச் சட்டை போட்ட பையன்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு 2015தான் பொற்காலம். டோனி ஒரு பக்கம் முதலாளி, அபிஷேக் பச்சன் ஒரு பக்கம் முதலாளி, கோச் யார் தெரியுமா, ஜிடேனிடம் நெஞ்சில் முட்டு வாங்கிய மட்டராஸி! முட்டு வாங்கியதையே முதல் தகுதியாகச் சொல்வார்கள்.

அந்த வருடம் பாதி சீசன் தாண்டியும் அட்டவணையில் கடைசி இடம். அப்போது இந்தப் பையன்கள் யாரும் ரசிகர்கள் இல்லை. கேட்டால் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை வைத்திருந்ததாகச் சத்தியம் செய்வார்கள். நம்பிக்கை வைக்க அப்போது கரண்ட்டும் இல்லை என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நவம்பர் மழை கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது; டிசம்பரில் சென்னையும் முழுகியது. மெரினா அரங்கத்தில் நடக்க வேண்டிய அரை இறுதி புனேவுக்குப் போனது. சொந்த மைதானம் இல்லாமல் சொந்த மைதான ஆட்டம். அதிலும் கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள்.

டிசம்பர் 20, கோவா ஃபத்தோர்டா அரங்கில் இறுதி ஆட்டம். 87வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. உள்ளூர்க்காரர்கள் பட்டாசுக்கு நெருப்புத் தேடிக்கொண்டிருந்த நேரம். 90வது நிமிடம் பந்து கோல் வாசலில் எழும்ப, கோவா கோல்கீப்பர் கட்டிமணி குத்தித் தள்ளப் போய், தன் வலைக்குள்ளேயே தள்ளிவிட்டார். பாவம், அதே ஆட்டத்தில் பெனால்டியைத் தடுத்த மனிதர். இரண்டே நிமிடத்தில் நம்ம மென்டோசா இன்னொன்று. 3-2, கோப்பை.

இதில் டீக்கடை வழக்கு இன்றைக்கும் முடியவில்லை. அந்த இரண்டாவது கோல் யாருடையது? நீலச் சட்டைக்காரன் சொல்லும் கதையில் கட்டிமணியே இல்லை. மென்டோசா முட்டினார், பந்து போனது, அவ்வளவுதான். சென்ற பொங்கலுக்குக் கேட்டபோது நாலு பேரைத் தாண்டி முட்டினார். மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. “எதிராளியே போட்ட கோலுக்கு என்னடா பெருமை?” என்றார். பையன் விடவில்லை: “ஒரு மேட்ச்சும் ஆடாம வேர்ல்டு கப் ஜெயிச்சவங்கதானே மாமா நீங்க!” அன்றைக்கு மாமா டீக்குக் காசு கொடுக்காமல் எழுந்து போனார்.

2018 மார்ச்சில் பெங்களூருவில் அந்த ஊர்க்காரனையே 3-2 என்று சாய்த்து இரண்டாவது கோப்பை. பிரேசில் தடுப்பாட்டக்காரர் மெய்ல்சன் தலையால் இரண்டு. 2020இல் மூன்றாவது இறுதி. கொரோனா வந்து ஆளே இல்லாத அரங்கில் தோற்றது. தோல்வியை யாரும் நேரில் பார்க்காததால் அது நடந்ததாகவே ஏற்பதில்லை. அதற்குப் பிறகு? “பேச்சை மாத்துங்கண்ணே.”

நான் மாற்றத்தான் பார்க்கிறேன். அதே 2018இல், அந்த மார்ச்சுக்கு ஒரு மாதம் முன்னால், கட்டாக்கில் இன்னொரு இறுதி ஆட்டம் நடந்தது. தேசியப் பெண்கள் கால்பந்து. எதிரே மணிப்பூர், கோப்பையைப் பல முறை வாங்கிப் பழகிய மாநிலம். தமிழ்நாடு 2-1 என்று ஜெயித்தது. முதல் முறை. அந்த அணியில் ஆடியவர் இந்துமதி கதிரேசன். எந்த ஊர்? கடலூர். நெல்லிக்குப்பத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம்! 2004 சுனாமி அடித்த கரையில், பெண் பிள்ளைகளைப் பந்தோடு ஓடவைத்தே கடலூர் ஒரு படையைத் தயார் செய்திருந்தது. இந்திரா காந்தி அகாடமி என்ற பெயரில் தேசியப் பெண்கள் லீக்கிலேயே ஒரு டீம் இறங்கியது. இந்துமதி இந்தியாவுக்காக ஆடினார். போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வீழ்த்தித் தமிழ்நாடு மறுபடியும் கோப்பை வாங்கியது.

இத்தனையும் டீக்கடையில் சொன்னேன். மாமா தலையாட்டினார். நீலச் சட்டை “அப்படியாண்ணே” என்றது. அப்புறம் இருவரும் ஒற்றுமையாகத் தங்கராஜின் தாய்மாமன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஜகார்த்தாவையும்தான் இந்தப் பெஞ்சில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அங்கே எந்த நிமிடத்தில் யார் இருமினார் என்பதுவரை தெரியும். கட்டாக்குக்கு மட்டும் கதை கட்ட நாதியில்லை. ஒரு கஜம் நீட்டிச் சொல்ல ஒரு ரிட்டையர் ஆள் வாய்க்கவில்லை.

அதனால் அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். இப்போதைக்கு என் கதையில் கட்டாக்கில் அன்றைக்குக் கொட்டும் மழை. பந்து சேற்றில் புதைந்து புதைந்து எழுந்தது. மணிப்பூர் தரப்பில் பதின்மூன்று பேர் ஆடினார்கள். நடுவருக்கு எண்ண வராது. கடலூர்ப் பெண் முப்பத்தைந்து கஜத்திலிருந்து அடித்தாள். போன வாரம் ஆரம்பிக்கும்போது முப்பதாக இருந்தது. மாமா நேற்று குறுக்கிட்டு, “நாப்பது இருக்கும்டா” என்றார்.