பிஸ்கெட் இலாகாவிலிருந்து ஒரு கடிதம்

சிகாகோ,
ஜனவரி 18

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? வேங்கிக்கால் ஏரி கோடி போய் வேலூர் ரோட்டில் தண்ணீர் ஓடியதாக அம்மா போனில் சொன்னாள். இங்கேயும் ஏரிதான், கடல் மாதிரி. ஓரமெல்லாம் உறைந்து கிடப்பதால் இப்போதைக்கு எங்கேயும் ஓடும் உத்தேசம் அதற்கு இல்லை.

உங்கள் கடிதம் கிடைத்தது. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளுக்கு, நீங்கள் தலைமை வகிக்கும் பள்ளி விழாவில், "உன் டிபார்ட்மென்டிலிருந்து ஒரு பெரிய விஞ்ஞானியை" திரையில் வரவழைத்துப் பேச வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். அதற்கு முன்னால் ஒரு விஷயம். கலெக்டர் ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் "தம்பி மகள் அமெரிக்காவில் பிசிக்ஸில் இருக்கிறாள்" என்று சொல்லி வருகிறீர்களாம். பொய்யில்லை. பிசிக்ஸில்தான் இருக்கிறேன். அதில் பிஸ்கெட் இலாகா என்னுடையது. வெளியூரிலிருந்து பேச வருகிறவருக்கு விமான டிக்கெட், ஓட்டல் அறை, ராத்திரிச் சாப்பாடு, கடைசியில் அவர் நீட்டும் டாக்ஸி ரசீது, எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். குவாண்டம் என்றால் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். எந்தக் குவாண்டம்காரர் டீயில் பால் சேர்த்துக்கொள்ள மாட்டார் என்று கேளுங்கள், உடனே சொல்கிறேன்.

வாரா வாரம் வியாழக்கிழமை நாலு மணிக்கு விருந்தினர் பேச்சு. மூன்றரைக்கே வெளியில் டீயும் பிஸ்கெட்டும் வைத்துவிடுவேன். ஆராய்ச்சி மாணவர்கள் சரியாக மூன்று இருபத்தொன்பதுக்கு வந்து நிற்பார்கள். பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் அன்னதானப் பந்தல் எங்கே என்று தெரிந்து நடக்கிறவர்கள் உண்டே, அந்த ஜாதி. சாப்பிட்ட கடனுக்குப் பாதிப் பேர் உள்ளே போய் உட்காருவார்கள்.

பேச வருகிறவர்கள் தனி ரகம். பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி வருஷம் என்று கணக்காகச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, அடுத்த வாரம் தாங்கள் பேசப்போகும் தலைப்பு என்ன என்று மட்டும் தெரியாது. "தலைப்பு பின்னர் அறிவிக்கப்படும்" என்று போஸ்டர் ஒட்டி ஒட்டி, அதுவே ஒரு பாடப்பிரிவு என்று முதல் வருஷப் பிள்ளைகள் நம்பத் தொடங்கியிருப்பார்கள்.

நம் விழாக்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிக்கிறவர்கள் ஒவ்வொருவராக "இரண்டே வார்த்தை", பொன்னாடை, பூங்கொத்து, நினைவுப் பரிசு. இத்தனையும் ஆன பிறகு சிறப்பு விருந்தினர் மைக்கைத் தொட்டால், நேரமாகிவிட்டது என்று ஒரு துண்டுச்சீட்டு வரும். இங்கே வரவேற்புரை ஒரு நிமிஷம். பிறந்த ஊர்கூடச் சொல்ல மாட்டார்கள். எங்கே படித்தார், என்ன கண்டுபிடித்தார், அவ்வளவுதான். பொன்னாடை கிடையாது. குளிருக்கு அவரே நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் வருகிறார்.

மரியாதையே தெரியாத கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். மரியாதை வேறு ரூபத்தில் வருகிறது. பேச்சு தொடங்கி ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, ஒருவர் கையைத் தூக்குவார்: "அந்தச் சமன்பாடு எங்கிருந்து வந்தது?" பேச்சாளர் நின்று பதில் சொல்வார். முன்வரிசையில் ஒரு முதிய பேராசிரியர் நாற்பது நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டிருப்பார், லேசாகக் குறட்டைகூட வரும். முடிந்ததும் கண்ணைத் திறந்து, மூன்றாவது படத்தில் அச்சின் அளவு எப்படி அப்படி இருக்க முடியும் என்று கேட்பார். பேச்சாளருக்கு வியர்க்கும். அரை மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். நம் ஊர்க்காரர் யாராவது பார்த்தால் விலக்கிவிட ஓடுவார். அதே இருவரும் ராத்திரி ஓட்டலில் ஒரே ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு சிரிப்பார்கள். பில் என்னிடம் வரும். ஒரு கேள்வியும் வராமல் கைதட்டல் மட்டும் கிடைத்துவிட்டால், அந்த மனுஷர் விமான நிலையம் போகிறவரை முகம் வாடியே இருப்பார்.

இந்த ஊரில் சனிக்கிழமைப் பேச்சும் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் காம்ப்டன் பெயரில் 1976 முதல் நடக்கிறது. யார் வேண்டுமானாலும் போகலாம், டிக்கெட் இல்லை. நான் போனபோது பாதிக் கூட்டம் உங்கள் வயசு. பெரியம்மா வயசில் ஒரு அம்மாள் நோட்டுப் புத்தகமும் மூக்குக்கண்ணாடியுமாக வந்து, பேசிய இளைஞரை நியூட்ரினோவின் எடை விஷயத்தில் ஓரம் கட்டிவிட்டார். அங்கே உட்கார்ந்தால் எனக்கு நம் வானியற்பியலாளர் சந்திரசேகர் நினைவுதான். 1937-இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், 1995-இல் இறக்கும்வரை அவருக்கு அதுவே வீடு. 1940-களில் அவர் இருந்த யெர்க்ஸ் வானாய்வகத்திலிருந்து சுமார் 80 மைல் காரோட்டி வந்து, இரண்டே மாணவர்கள் இருந்த வகுப்புக்குப் பாடம் நடத்தினார் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். அந்த இரண்டு பேரும், லீ, யாங், 1957-இல் நோபல் வாங்கிவிட்டார்கள். வாத்தியாருக்கு 1983-இல்தான் கிடைத்தது. நாற்காலி காலியாக இருக்கிறதே என்று நீங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஓட்டி வந்து நிரப்புவீர்களே, அதெல்லாம் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தச் சந்திரசேகரே ஒரு விருந்தினர் பேச்சின் விளைச்சல்தான். 1928-இல் ஜெர்மனியிலிருந்து இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் வந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பேசினார். மாணவரான சந்திரசேகர் கைதட்டிவிட்டு பஸ் ஏறவில்லை. சோமர்ஃபெல்ட் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்விட்டார். நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது என்று போட்டு உடைத்த சோமர்ஃபெல்ட், இன்னும் அச்சாகாத தன் கட்டுரையின் படிகளையும் கையில் கொடுத்தனுப்பினார். அடுத்த வருஷமே லண்டன் ராயல் சொசைட்டி வெளியீட்டில் பையனின் கட்டுரை வந்துவிட்டது. அது காம்ப்டன் சிதறல் பற்றியது; ஆம், அதே சனிக்கிழமைக் காம்ப்டன்.

மயிலாப்பூர்க் கதை உங்களுக்கே தெரியும். இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் பிரின்ஸ்டனில் ஒரு வருஷம் கருத்தரங்கு கருத்தரங்காகக் கேட்டுவிட்டு வந்து, தன் வீடான ஏகாம்ர நிவாஸிலேயே மாணவர்களை உட்காரவைத்துப் பேச்சுகள் நடத்தினார். 1960-இல் நீல்ஸ் போர் வந்து அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார், நேருவிடம் பாராட்டியும் சொன்னார். 1962 ஜனவரியில் கணித அறிவியல் நிறுவனமே பிறந்துவிட்டது. திறப்புக்குச் சந்திரசேகரும் வந்திருந்தார். அந்த வீட்டில் காப்பி, டிபன் இலாகா யாரிடம் இருந்தது என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. எங்கள் தரப்பு வரலாறு எப்போதும் விட்டுப்போகும்.

சரி, உங்கள் விருந்தினர். ஒரு வானியல்காரரைப் பிடித்திருக்கிறேன். திருவண்ணாமலை என்றதும் இங்கே எல்லோரும் ஆசிரமம் என்பார்கள். இவர் "காவலூர் பக்கமா?" என்று கேட்டார்! 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, யுரேனஸைச் சுற்றி வளையம் இருப்பதற்கான தடயம் ஜவ்வாது மலையின் காவலூர்த் தொலைநோக்கியிலும் பதிவானதை எனக்கே அவர்தான் சொன்னார். பள்ளிப் பிள்ளைகள் என்றதும் உடனே சம்மதம். தலைப்பு பின்னர் அறிவிக்கப்படும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் 28-ஆம் தேதி காலை பத்து மணி, இங்கே 27-ஆம் தேதி இரவு பத்தரை. எம்.எல்.ஏ. வரட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்து, பிறகு விளக்கேற்றி, நீங்களும் உங்கள் ராமன் விளைவுத் தலைமையுரையை முழுசாக ஆற்றினால் இவருக்கு விடிந்துவிடும். ஆகவே பத்து மணிக்கு முதல் ஆளாக அவர் பேசட்டும், அடுத்து பிள்ளைகளின் கேள்விகள். குத்துவிளக்கிலிருந்து நன்றியுரை வரை மற்றதெல்லாம் அவர் தூங்கப் போன பிறகு நிதானமாக நடக்கட்டும். அழைப்பிதழில் பெயர் வரிசை மாறுகிறதே என்று தலைமையாசிரியர் முகம் சுளித்தால், அமெரிக்காவில் பிசிக்ஸில் இருக்கிற தம்பி மகள் சொன்னாள் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் செல்வி