பானெட்டில் ஒரு பொட்டு

என் காருக்கு முதல் அடி விழுந்தது முருகன் கோயில் வாசலில். அடித்தவன் நான்.

சிவப்புக் கார். ஷோரூமிலிருந்து நேராகக் கோயிலுக்கு ஓட்டிப்போய், மாலை சாத்தி, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, திருஷ்டி கழிய ஒரு தேங்காயை உடைத்தேன். சுற்றிலும் ஆட்கள் நின்றதால் கொஞ்சம் கூடுதலாகவே ஓங்கிவிட்டேன். தெறித்த ஓட்டில் ஒரு சில்லு பம்பரில் போய் ‘டொக்’ என்றது. கடுகளவு பெயின்ட் காணோம். “திருஷ்டி கழிஞ்சுடுத்து” என்றார் குருக்கள். வண்டி அதுவரை ஓடியிருந்தது 14 கிலோமீட்டர்.

அதன் பிறகுதான் இந்த ஊரின் பாறைகளை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். ஹைதராபாத் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் ஊர். பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் யானை படுத்திருப்பது போல, யானைமேல் குட்டி ஏறியிருப்பது போல, கிரானைட் உருண்டைகள். வயது சுமார் 250 கோடி வருடம் என்கிறார்கள் புவியியல்காரர்கள். இத்தனை காலம் வெயில், மழை, டைனோசர், கோல்கொண்டா சுல்தான், நிஜாம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பேசாமல் கிடந்த கல், அடுக்குமாடிக்காரன் வெடி வைத்ததும் ஜல்லியாகி டிப்பரில் ஏறிக்கொள்கிறது. 158 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலையில் நான் மரியாதையாக எண்பதில் போய்க்கொண்டிருக்கிறேன். முன்னால் தார்ப்பாய் போடாத டிப்பர். 250 கோடி வருடம் பொறுமையாக இருந்த கல்லுக்கு என் பானெட்டைப் பார்த்ததும் பொறுமை போய்விட்டது. பட்!

இறங்கிப் பார்த்தால், சிவப்பு பானெட்டின் நட்டநடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு. மிளகு அளவுதான். ஆனால் வண்டிக்காரனின் கண்ணுக்கு மிளகு பூசணிக்காயாகத் தெரியும்.

அந்த வேதனையில் நிறையப் படித்துவிட்டேன். ஷோரூமில் பளபளக்கிறதே, அந்தப் பெயின்டின் மொத்தக் கனம் 100 முதல் 120 மைக்ரான் சொச்சம். தலைமுடி ஒன்று 70 மைக்ரான் என்று வைத்தால், ஒன்றரை முடி. அதற்குள் நான்கு அடுக்கு. தகரக் கூட்டை அப்படியே தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஏற்றுகிற துருத்தடுப்பு அடுக்கு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட். நாம் மயங்கும் சிவப்பு, அரைமுடி கனம்கூட இல்லை.

சிக்கல் என்னவென்றால், பெயின்டிடம் நாம் எதிர்பார்ப்பது நடக்காத காரியம். சாவியால் கீறினால் அப்பளம் மாதிரி விறைப்பாக நிற்க வேண்டும். கல் பட்டால் தோசை மாதிரி அமுங்கிக் கொடுக்க வேண்டும். அப்பளமாக இருந்தால் கல்லடியில் சில்லாகும். தோசையாக இருந்தால் நகம் பட்டாலே கிழியும். அதனால் கம்பெனிக்காரர்கள் மேலே கிளியர் கோட்டை விறைப்பாக வைத்து, கீழே பிரைமரைக் கொஞ்சம் நெகிழ விடுகிறார்கள். தோசைமேல் அப்பளம். விற்பதற்கு முன்பே, காற்றழுத்தத்தில் கூழாங்கல்லை அள்ளிப் பெயின்ட் பலகைமேல் வீசி, எத்தனை பொட்டு விழுந்தது என்று எண்ணுவதற்கு அமெரிக்காவில் எஸ்.ஏ.இ. ஜே400 என்று ஒரு விதிமுறையே உண்டு. அதற்கு ஒரு இயந்திரமாம். எங்கள் ஊரில் டிப்பர் போதும்.

கல்லாவது எப்போதாவது வரும். வண்டி துடைக்கிறவர் தினம் வருகிறார். ஒரு வாளி, ஒரு துணி, பன்னிரண்டு கார். எங்களுடையது பன்னிரண்டாவது. அதற்குள் துணியில் பதினொரு காரின் மண் சேர்ந்திருக்கும். அந்த மண் வேறொன்றுமில்லை, அதே பாறையின் பொடி. அதிலிருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் வண்டி முழுக்கச் சிக்குக் கோலம். கதவில் புதிதாக ஒரு நீளக் கீறலைக் காட்டி எப்போது விழுந்தது என்று கேட்டேன். “பர்ஸோ, சாப்” என்றார். பர்ஸோ என்றால் ஹிந்தியில் முந்தாநாள். ஹைதராபாத் தக்கனியில் போன வாரமும் பர்ஸோதான்; 1591இல் சார்மினார் கட்டியதும் பர்ஸோதான். “லைட் லேலோ” என்று ஆறுதலும் சொன்னார்.

செராமிக் கோட்டிங் போடச் சொன்னான் ஒரு விற்பனைப் பையன். “ஒன்பது ஹெச் கடினம் சார். வைரம் பத்து!” விசாரித்தால், அந்த ஒன்பது ஹெச் வைரம் இருக்கிற தராசிலேயே இல்லை. அது பென்சில் தராசு. ஹெச்பி, டூ ஹெச் என்று பென்சில்களால் வரிசையாகக் கீறிப் பார்ப்பார்கள். ஒன்பது ஹெச் பென்சிலுக்கும் அசையாவிட்டால் அந்தப் பட்டம். ஆக, பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமிருந்து என் காருக்குப் பூரணப் பாதுகாப்பு. டிப்பரில் பென்சில் ஏற்றிப் போனால் பயமில்லை. தடிமனான பாலியூரித்தேன் படம் ஒட்டினால் கல்லைத் தாங்குமாம். வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறக்கைகளைக் காக்க வந்த சரக்கு. விலை கேட்டேன். போர்ச் செலவுதான்.

டிங்கரிங் பட்டறை மேஸ்திரி மட்டும் உண்மையைச் சொன்னார். தொழிற்சாலையில் வெறும் கூட்டை 140 டிகிரி அடுப்பில் வேகவைக்கிறார்கள். முழு வண்டியை அப்படி வைத்தால் பிளாஸ்டிக்கும் ஒயரும் உருகிவிடும், பட்டறையில் அறுபதுதான். “பானெட் மொத்தமும் அடிச்சா, பக்கத்துக் கதவு வேற வண்டிக் கதவு மாதிரி தெரியும். பொட்டுக்குப் போய் ஏன்?” இன்சூரன்ஸில் கேட்கலாமென்றால், பல வருடம் காத்து வளர்த்த போனஸ் ஒரு பொட்டுக்குப் பலி.

அப்போதுதான் 1920களில் வந்த டூகோவைப் பற்றிப் படித்தேன். அதற்கு முன் காருக்கு அடித்த பெயின்ட் காய வாரக்கணக்கில் ஆகுமாம். டூபான்ட் கம்பெனியின் டூகோ நைட்ரோசெல்லுலோஸ் சரக்கு, மளமளவென்று காய்ந்தது. அதே நைட்ரோசெல்லுலோஸ்தான் இன்றைக்கும் நகப்பாலிஷில் இருக்கிறது.

செகந்திராபாத் ஜெனரல் பஜாரில் வளையல் கடைக்காரர் நாற்பது பாட்டிலைப் பரப்பிவிட்டு, மேடம் என்ன நிறம் என்று கேட்டார். நல்ல சிவப்பு என்றேன். கை எப்படி, மெலிந்த கையா, பருத்த கையா? மொத்தமே 1,100 கிலோ என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

அதற்குள் ஒன்று பதினொன்றாகியிருந்தது. பதினோரு பொட்டுக்கும் குச்சி நுனியால் வைத்துவிட்டேன். பத்தடி தள்ளி நின்று, சாயங்காலத்தில், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. பாட்டிலில் முக்கால்வாசி மிச்சம். டாஷ்போர்டு அறையில் போட்டு வைத்தேன்.

நேற்று பன்னிரண்டாவது விழுந்தது. பாட்டிலை எடுத்தால் அடியில் காய்ந்த பிசுக்குதான் இருக்கிறது. பக்கத்து சீட்டில் மனைவி. இரண்டு கால் விரல்களிலும் என் பானெட்.

“இது எப்போ தீர்ந்தது?” என்றேன்.

“பர்ஸோ” என்றாள்.