கூட்டினால் குறையும்

ஊவாத் தேயிலைக்கு வாசம் தருவது ஆடி, ஆவணி வறட்டுக் காற்று. பதுளையில் கம்ப்யூட்டர் திருத்துகிறவனுக்குச் சோறு போடுவது அதற்குப் பிறகு வரும் மழை. ஈரம் ஏறி ரேமின் பித்தளை நிறக் கால்கள் மங்கிவிட்டால், பெட்டி தொடங்கும்போதே நீளநீளமாகக் கத்தும்; திரை இருட்டாகவே கிடக்கும். "பெட்டி ஊளையிடுது தம்பி" என்று தோட்டத்துக் கிளாக்கர் போன் எடுத்தால், பையில் நான் முதலில் போடுவது அழிறப்பர்தான். தேய்த்து மாட்டினால் பாதிப் பெட்டிகள் வாயை மூடிக்கொள்ளும்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெட்டி வேறு சாதி. ஆள் வரவும் சம்பளமும் பதியும் அவர்களுடைய செக்ரோல் ஒரு டாஸ் புரோகிராம். எழுதியவர் கனடாவில். அதனால், மைக்ரோசாஃப்ட் 2006 ஜூலையில் கைகழுவிய விண்டோஸ் 98 அங்கே இன்னும் உத்தியோகத்தில் இருக்கிறது. வேகம் போதாதென்று யாரோ ஒரு மருமகப் பிள்ளை சொல்ல, 256 மெகாபைட் இருந்த பெட்டியில் இன்னொரு 512 சேர்த்தார்கள். மறுநாள் செக்ரோல் திறக்கவில்லை. மெமரி போதாதாம்!

சம்பளம் போடுகிற வாரம் வேறு. துரை வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"கூடப் போட்டா எப்பிடித் தம்பி கொறையும்?" என்றார் கிளாக்கர்.

"ஐயா, 2021-ல நாள் சம்பளத்த 1000 ஆக்கினாங்களே, நம்ம ஆளுங்க கையில எவ்வளவு கூடிச்சு?"

பறிக்க வேண்டிய கொழுந்துக் கிலோவைக் கூட்டி வேலை நாளைக் குறைத்த கதை அவருக்குத் தெரியாதா? செக்ரோல் எழுதுகிறவரே அவர்தானே. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதற்குமேல் பேசவில்லை.

விஷயம் இதுதான். டிஸ்கில் படித்ததை வைத்துக்கொள்ள விண்டோஸ் 98 'வீகேஷ்' என்று ஓர் இடம் பிடிக்கும். ரேம் எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்கு இடத்தையும் அகட்டும். மொத்தம் 512 மெகாபைட்டைத் தாண்டினால், முகவரிகளையெல்லாம் அதுவே வளைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு இல்லையென்று கையை விரித்துவிடும். சிஸ்டம்.இனி கோப்பில் வீகேஷ் தலைப்பின் கீழ் 'மேக்ஸ்ஃபைல்கேஷ்=262144' என்று ஒரு வரி எழுதினேன். இனி 256 மெகாபைட்டுக்கு மேல் அது ஆசைப்படாது. செக்ரோல் திறந்தது, சம்பளச் சீட்டுகள் அச்சாகின.

விண்டோஸ் 98 வைத்திருக்கும் தோட்டத்து ஆபிஸ்காரர்களே, 512-ஓடு நிறுத்துங்கள். மிஞ்சும் காசுக்கு ஒரு பென்டிரைவ் வாங்கிச் செக்ரோலைப் பிரதி எடுத்து வையுங்கள். பென்டிரைவை அறிமுகம் செய்து வைக்கவும் 98-க்குத் தனி டிரைவர் வேண்டும். அதற்கு என்னைக் கூப்பிடுங்கள்.