ஸ்நோபோர்டு வழக்கியல்: முதல் மாணாக்கர்க்கு ஒரு சிற்றுரை

வரலாறு கூறியே இலக்கணம் தொடங்குக என்பது ஆய்வு மரபு. ஆகவே கூறிவிடுகிறோம். 1965 கிறிஸ்துமஸ் அன்று, மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் நகரில், ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் மகள்களுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பூட்டினார். ஸ்நோபோர்டின் முன்னோடியான அதற்குப் பெயர் ‘ஸ்நர்ஃபர்’. நிலைமொழி ஸ்நோ, வருமொழி சர்ஃபர். புணர்ச்சியில் எவையெவை கெட்டன என்பதை மாணாக்கரே கண்டுகொள்க. 1998இல் நகானோ ஒலிம்பிக்கில் ஸ்நோபோர்டு இடம்பெற்றது. வரலாறு முற்றிற்று.

இனி நிற்றல். இடக்கால் முன் நிற்பவர் ‘ரெகுலர்’. வலக்கால் முன் நிற்பவர் ‘கூஃபி’, அதாவது அசடு. வலது காலை எடுத்து வைத்து வரச்சொல்லி ஆரத்தி எடுக்கும் நமக்கு இது ஏற்புடைத்தன்று. ஆயினும் உலகவழக்கை மறுத்தல் உரையாசிரியர்க்கு அழகன்று.

சுழற்சிக்கு எண்ணே பெயர். அந்தரத்தில் ஒன்றரைச் சுற்று 540 பாகை. ஆனால் ‘ஃபைவ்’ என்றே சொல்வர். மூன்று சுற்று 1080, அது ‘டென்’. இவை கடைக்குறை. காற்றில் இருப்பவருக்கு நேரம் குறைவு என்பதால் சொல்லும் குறைந்தது என்பது எம் துணிபு.

பலகையைக் கையால் பற்றும் ‘கிராப்’ வகைகளில் சமையலறை மணக்கிறது. பின்கையைக் கால்களுக்கிடையே விட்டுக் குதிகால் பக்க விளிம்பைப் பற்றினால் ‘ரோஸ்ட் பீஃப்’. முன்கையால் அவ்வாறே பற்றினால் ‘சிக்கன் சாலட்’. இவற்றுக்குக் காரணம் தேடிக் களைத்தோர் இடுகுறி என்று விட்டுவிடலாம். ‘மியூட்’ மட்டும் காரணப்பெயர், அக்காரணமோ தவறு. ஸ்கேட்போர்டு வீரர் கிறிஸ் வெடிலுக்குக் காது கேளாது; அதனால் ஊமை என்று பொருள்படப் பெயரிட்டுவிட்டனர். அவருக்குப் பேச வரும். 2020இல் மற்றொரு ஸ்கேட்போர்டு வீரரான டோனி ஹாக் முன்னின்று அதை ‘வெடில் கிராப்’ என்று திருத்தினார். நாற்பதாண்டுப் பிழையைத் திருத்தியதில் அகராதிக்காரர்களை விளையாட்டுக்காரர்கள் முந்திவிட்டனர்.

இத்துறையில் சொல்வளம் கொழிப்பது விழுதற்பகுதியில்தான். பள்ளத்தை நோக்கிய விளிம்பு பனியில் கொத்திக்கொள்ள, ஆள் அறைபட்டு விழுவதை ‘கேட்சிங் அன் எட்ஜ்’ என்பர். விளிம்பைப் பிடித்தான் என்று பொருள். உண்மையில் பிடித்தது விளிம்பு, பிடிபட்டது ஆள். எழுவாய் இடம்மாறிய இதை வழுவமைதியாகக் கொள்க. மார்பு தரையில் அறைய, பின்னால் பலகை எழுந்து தலையை நோக்கி வளைந்தால் ‘ஸ்கார்ப்பியன்’. தேளின் கொடுக்கை நினைந்து வந்த உவமையாகுபெயர். விழுந்தவனின் கையுறை, குல்லாய், கண்ணாடி எல்லாம் சரிவெங்கும் கடை பரப்பினால் ‘யார்ட் சேல்’.

விழுமுன் ஒரு நிலை உண்டு. அந்தரத்தில் சமநிலை தப்பியவன் இரு கைகளையும் வட்டமாகச் சுழற்றுவான். அதற்கு ‘ரோலிங் டௌன் த விண்டோஸ்’ என்று பெயர். பழைய காரில் கண்ணாடியை இறக்கக் கைப்பிடியைச் சுற்றும் செயல் இது. பொத்தானை அமுக்கியே பழகிய தலைமுறைக்கு இனி இதற்கு உரை தேவைப்படும். எம் பிழைப்புக்குப் பழுதில்லை.

அஃதேல், கற்பவனுக்கு நல்ல சொல் ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. ஒரே விளிம்பில் நின்று இடமும் வலமுமாக மெல்ல இறங்கும் பயிற்சி ‘ஃபாலிங் லீஃப்’, உதிரும் இலை. அழகிய பெயர்தான், அதிலும் உதிர்தலே இருப்பதை நோக்குக.

இவையனைத்தையும் மனப்பாடம் செய்தாலும், வாய் திறக்குமுன்பே புதியவனைக் காட்டிக்கொடுப்பது நெற்றி. தலைக்கவசத்துக்கும் பனிக்கண்ணாடிக்கும் நடுவே தெரியும் வெற்றிடத்தின் பெயர் ‘கேப்பர் கேப்’. வாய்பிளந்து நிற்பவனின் இடைவெளி என்பது பொருள். ஆகவே மாணாக்கர் முதலில் கண்ணாடியை மேலேற்றிக் கவசத்தோடு ஒட்டி மாட்டிக்கொள்க. சொற்களைப் பிறகு படிக்கலாம்.