எங்க பெரியப்பாதான் சார்

பொய்ச் செய்தியில் யார் ஏமாறுகிறார்கள் என்று எந்தக் கல்லூரி மாணவரைக் கேட்டாலும் பதில் தயார்: "எங்க பெரியப்பாதான் சார்." சரி. 2016 நவம்பரில், புது 2000 ரூபாய் நோட்டில் நானோ ஜிபிஎஸ் சிப் இருக்கிறது, 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் மோப்பம் பிடித்துவிடும் என்று ஒரு புரளி கிளம்பியதே? பேட்டரி இல்லாமல் சிக்னல் எப்படி என்று முதலில் கேட்டிருக்க வேண்டியவர்கள் இசிஇ மாணவர்கள். அவர்களில் சிலர் ஹாஸ்டல் ட்யூப்லைட்டில் நோட்டைத் தூக்கிப் பிடித்துச் சிப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். (பெரியப்பாவுக்கு அந்தச் சபலமே வரவில்லை, ஏடிஎம் வரிசையில் நின்றார், கையில் நோட்டே இல்லை.) இப்போது பிள்ளைகள் தேறிவிட்டார்கள். பலமுறை பகிரப்பட்டது என்று வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி போட்டுத் தரும் எதையும் அப்படியே அனுப்புவதில்லை. காப்பி செய்து, புதிதாக ஒட்டி, அம்புக்குறி இல்லாமல் அனுப்புகிறார்கள்.