மஞ்சக் கண்ணாடிப் பேராண்டிக்கு

ஏண்டா பேராண்டி, மூக்கு மேல என்ன அது மஞ்சக் கண்ணாடி? நீல வெளிச்சத்தை வடிகட்டுமா? சரிதான். 17 ஆராய்ச்சியைப் போட்டு அலசுன காக்ரேன்ங்கிற மருத்துவ ஆய்வுக் குழுவே, இதைப் போட்டா தூக்கம் கூடும்னு அடிச்சுச் சொல்ல முடியலைன்னு 2023லயே கைய விரிச்சிருச்சு. கெழவனுக்கு இது எப்படித் தெரியும்னு பாக்குறியா? நீ ராத்திரி நோண்டுற போனைத்தான் நான் பகல்ல நோண்டுறேன்.

நம்ம அந்தமான் ஊருப் பொழுது தனி. போர்ட் பிளேர்ங்கிற பேரை ஸ்ரீ விஜயபுரம்னு மாத்துனாக, சூரியனை மாத்த முடிஞ்சுதா? கடியாரத்துக்கு உத்தரப்பிரதேசத்து மிர்சாப்பூர்க் கணக்கு. சூரியன் இங்க நாப்பது நிமிசம் முந்திக்கிட்டு நிக்குது. கார்த்திகையில அஞ்சு மணிக்கெல்லாம் பொழுது அடைஞ்சுரும். நீ படுக்குறதோ பன்னெண்டுக்கு. நடுவுல ஏழு மணி நேரம், உன் கண்ணுக்கு அது பகலா ராவா?

கண்ணுக்குள்ள பொழுது பாக்குறதுக்குன்னே கொஞ்சம் செல்லு இருக்காம். நீலம் பட்டா இன்னும் பகல்தான்னு மூளைக்குத் தாக்கல் சொல்லிரும். மூளை மெலடோனின் சுரக்குறதைக் கொறைச்சுப்புடும். பொறவு தூக்கம் எங்கிட்டு இருந்து வரும்?

உன் ரூமுல எரியுதே நீலம் தூக்கலான 6500 கெல்வின் டியூப்லைட்டு, மீன் மார்க்கெட்டுல செவுள் பாக்கப் போட்ட மாதிரி! அதுக்குக் கீழ படுத்துக்கிட்டு தூக்கம் வரலேங்குற.

2020 ஆகஸ்டுக்கு முந்தி இங்க சாட்டிலைட்டு நெட்டு. வீடியோவத் தொட்டா வட்டம் சுத்தும். சுத்திக்கிட்டே இருக்கும். பாத்துக்கிட்டே தூங்கிப் போவ. பொறவு 1,224 கோடி ரூவா செலவழிச்சு, சென்னையில இருந்து கடலுக்கடியில 2,300 கிலோமீட்டர் கேபிள் இழுத்தாக. எதுக்கு? ஆசுபத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்குன்னாக. நல்லதுதான், நானும் கை தட்டுனேன். நீ ராத்திரி ஒரு மணிக்கு ரீல்ஸ் பாப்பேன்னு யாரு கண்டா?

ஆமைக் குஞ்சு பொரிஞ்சதும் வெளிச்சம் தெரியுற பக்கம் கடல்னு நெனச்சு ஓடும். கரையில லைட்டு எரிஞ்சா தெசை மாறிச் சாகும். திக்லிபூர் காளிப்பூர்க் கரையில அதுகளுக்கு வனத்துறை காவல். உனக்கு யாருடா காவல்?

போனுல நைட் மோடு போட்டுட்டேன்னு சொல்லாத. திரை மஞ்சளானா அதுல ஓடுற சண்டை கொறஞ்சுருமா? எட்டு மணிக்கு அந்த டியூப்லைட்டை அணை. மூலையில சின்னதா ஒரு மஞ்ச பல்பைப் போடு. போனைச் சமையக்கட்டுல சார்ஜுல மாட்டிட்டு வந்து படு. கண்ணாடிய எவன் தலையிலயாவது கட்டி வித்துரு. வந்த காசுக்கு ஒரு சூரை வாங்கிட்டு வா, ஆத்தா குழம்பு வைக்கட்டும்.